பொருத்தம் பார்த்தவர்கள்

நெதர்லாந்தின் லைடன் நகரில், 1950களின் பிற்பகுதியில், இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த ஒரு தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஏ, பி, ஓ என்று வகையெல்லாம் பார்த்துத்தான் ஏற்றினார்கள். இருந்தும் அவர் உடல் அந்த ரத்தத்தை ஏற்கவில்லை; கடுமையாக எதிர்த்தது. யான் வான் ரூட் என்ற இளம் மருத்துவர் விடாமல் காரணம் தேடினார். அந்தத் தாயின் ரத்தத்தில், பிறருடைய வெள்ளையணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அது எப்படி வந்தது? வயிற்றில் சுமந்த பிள்ளைகளால் வந்தது. பிள்ளையின் உடலில் பாதி அப்பாவின் சொத்து. அந்தப் பாதியைத் தாயின் உடல் அந்நியமென்று கண்டு, எதிர்த்து, நினைவிலும் வைத்துக்கொண்டிருந்தது.

1958இல் வான் ரூட் இதை எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன் என்ற பெண்மணியும், பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் இதையே கண்டதாக எழுதினார். பாரிஸில் ழான் டோசே வேறு வழியில் வந்து அதே இடத்தை அடைந்தார். அவர் பார்த்தது பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளை. அவர்களுடைய ரத்தநீரை மற்றவர்களின் வெள்ளையணுக்களோடு கலந்தால் சிலருடையது கட்டிக்கொண்டது, சிலருடையது கட்டவில்லை. கட்டியதற்குக் காரணமான பொருளுக்கு டோசே 'மாக்' என்று பெயர் வைத்தார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த மூன்று தன்னார்வலர்களின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை.

இப்படித்தான் திசுப் பொருத்தம் பார்க்கும் தொழில் பிறந்தது. சிறுநீரக மாற்று வார்டுகளின் வாசலில் உறவினர்கள் "மேட்ச் ஆயிடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இந்தத் தொழிலின் விடையைத்தான். மனித வெள்ளையணு எதிர்ச்செனி, சுருக்கமாக எச்எல்ஏ, என்று பெயர் பெற்ற இந்தப் பொருள் ஆளுக்கு ஆள் மாறுவது. யாருக்கு எந்த வகை, எந்த நாட்டில் எந்த வகை மிகுதி என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பொறுமையாகக் குறித்து வைத்தார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்காகத் தொடங்கிய அந்தக் குறிப்பேடு, நாற்பது ஆண்டுகள் கழித்து, எச்ஐவியின் புரதங்கள் ஏன் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன என்ற கேள்விக்குச் சாவியாக அமைந்தது.

தொடக்க காலத்தில் இந்தத் தொழிலுக்கு மூலப்பொருளே தாய்மார்கள்தான். நாலைந்து பிள்ளை பெற்ற ஒருவரின் ரத்தநீரில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் துல்லியமாக அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் கிடைத்துவிட்டால் அது தங்கத்துக்குச் சமம். ஆய்வுக்கூடத்தார் பிரசவ வார்டுகளுக்கு நடையாக நடந்தார்கள். கிடைத்த ரத்தநீரை உறையவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிரித்து, கடல் கடந்த சக ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இவர்களுக்கும் வந்தது. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் நோபல் பரிசுகளில் தொடங்குவது வழக்கம். டோசே 1980இல் அதைப் பெறவும் செய்தார். பெயர் தெரியாத அந்தத் தாய்மார்களில் தொடங்குவதே நியாயம்.

சொட்டு என்றால் மெய்யாகவே சொட்டுதான். அதற்குக் காரணம் பால் தெராசாகி. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய முகம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவர் குடும்பத்தை அரிசோனா பாலைவனத்தில் கீலா ரிவர் முகாமில் அடைத்து வைத்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து 1964இல் ஒரு பரிசோதனை முறையை உருவாக்கினார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசையாக 60 சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு தாயின் ரத்தநீர், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காய்ந்துவிடாமல் இருக்க மேலே எண்ணெய். அதற்குள் நோயாளியின் வெள்ளையணுக்கள் ஓராயிரம், இரண்டாயிரம். பிறகு முயலின் ரத்தநீர் கொஞ்சம், கடைசியில் சாயம். எதிர்ப்பொருள் பொருந்தியிருந்தால் அணு செத்திருக்கும், சாயத்தைக் குடித்து இருண்டு கிடக்கும். பொருந்தாவிட்டால் உயிரோடு பளபளக்கும். நுண்ணோக்கியில் குழி குழியாகப் பார்த்து, இருண்டது எத்தனை, மின்னியது எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். ஒரு தாயிடம் எடுத்த சில மில்லிலிட்டரை வைத்து ஆயிரக்கணக்கான பேரைச் சோதிக்க முடிந்தது. தெராசாகி தட்டு உலகமெங்கும் போயிற்று.

அதே 1964இல் அமெரிக்காவின் டர்ஹாமில் பெர்னார்ட் ஏமஸ் முதல் பன்னாட்டுப் பட்டறையைக் கூட்டினார். எல்லோரும் ஒரே ஆட்களின் அணுக்களை அவரவர் முறையில் சோதித்தார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வேறு துறையாக இருந்தால் அவரவர் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் அடுத்த ஆண்டே லைடனில் கூடினார்கள், 1967இல் டூரினில் கூடினார்கள், முறைகளைச் சரிசெய்தார்கள், பெயர்களைப் பொதுவாக்கினார்கள். 1972இல் பிரான்சின் எவியான் நகரில் நடந்த ஐந்தாம் பட்டறை மானுடவியல் பட்டறை. உலகின் ஐம்பதுக்கும் மேற்பட்ட மக்கள் கூட்டங்களின் ரத்தம் அங்கே ஒப்பிடப்பட்டது. காலப்போக்கில் ஒரு வரைபடம் தெளிந்தது. பி27 என்ற எச்எல்ஏ வகை வட ஐரோப்பாவிலும் துருவத்தை ஒட்டிய பழங்குடிகளிடமும் மிகுதி, சகாராவுக்குத் தெற்கே இல்லையென்றே சொல்லலாம். பி51 துருக்கியிலிருந்து ஜப்பான் வரை பழைய பட்டுப்பாதை நெடுகிலும் மிகுதி. பி58 வகையில் ஒன்று ஆப்பிரிக்காவில் பரவலாக இருந்தது. இன்று பதிவாகியிருக்கும் எச்எல்ஏ வடிவங்கள் 35,000ஐத் தாண்டும். மனித உடலில் இவ்வளவு வேறுபாடு கொண்ட மரபணுக்கள் வேறு இல்லை.

இந்த வகைகள் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிப்பதற்காக நம் உடலில் இருக்க வழியில்லை. அறுவை மருத்துவர்கள் வருவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே இவை இருந்தன. அப்படியென்றால் இவற்றின் வேலை என்ன?

விடை எலிகளிடமிருந்து வந்தது. 1973இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், ஜான் கர்டின் மருத்துவ ஆய்வுப் பள்ளியில் இடநெருக்கடி. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கு, கால்நடை மருத்துவம் படித்த பீட்டர் டோஹர்ட்டியின் ஆய்வறையில் இடம் ஒதுக்கினார்கள். இருவரும் சேர்ந்து ஒரு வைரஸை எலிகளுக்குக் கொடுத்து, அந்த எலிகளின் டி செல்கள் என்ற காவல் வெள்ளையணுக்கள் நோயுற்ற அணுக்களைக் கொல்வதைப் பார்த்தார்கள். ஒரு எலியின் டி செல்கள் அதே திசு வகையுள்ள எலிகளின் நோயுற்ற அணுக்களைக் கொன்றன. வேறு திசு வகை எலியின் அணுக்களில் அதே வைரஸ் இருந்தும் சீண்டவில்லை. டி செல் வைரஸைத் தனியாகப் பார்ப்பதில்லை. திசு வகைப் பொருளோடு சேர்த்தே பார்க்கிறது. 1996இல் இதற்காக இருவரும் நோபல் பெற்றார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டில் அலன் டவுன்சென்ட், டி செல் பார்ப்பது வைரஸ் புரதத்தின் ஒரு சிறு துண்டைத்தான் என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பமேலா பியோர்க்மனும் அவரது ஆசிரியர்களும் ஒரு எச்எல்ஏ மூலக்கூறின் வடிவத்தைப் படமாக எடுத்தார்கள். மேலே ஒரு நீண்ட பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஏதோ ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. படம் எடுக்கப்பட்ட மூலக்கூறு எது தெரியுமா? பாரிஸில் டோசே பெயர் வைத்த அதே 'மாக்', இப்போதைய பெயர் ஏ2.

அடுக்களையில் என்ன வேகிறது என்பதைத் திண்ணையில் ஒரு தட்டில் வைத்துக் காட்டும் வீடு என்று அணுவை நினைத்துக்கொள்ளலாம். அணுவுக்குள் உருவாகும் புரதங்கள் வெட்டப்பட்டு, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக எச்எல்ஏ பள்ளத்தில் ஏறி வெளியே வருகின்றன. ரோந்து வரும் டி செல் அந்தத் துண்டைப் பார்க்கிறது. வைரஸின் துண்டு என்று தெரிந்தால் வீட்டோடு கொளுத்துகிறது. ஆளுக்கு ஆள் பள்ளத்தின் வடிவம் மாறும், அதனால் அதில் உட்காரும் துண்டும் மாறும். பி27 உள்ளவரின் அணு காட்டும் துண்டை பி51 மட்டும் உள்ளவரின் அணு காட்டாது. ஒரே கிருமி, ஆனால் ஒவ்வொரு உடலிலும் அது அகப்படும் இடம் வேறு.

எச்ஐவி இந்தக் கதைக்குள் வந்தது 1981இல். ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நிமோனியாவைப் பற்றி எழுதியது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்தாஞ்யேவும் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் திரட்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்த ரத்தத்தில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரிந்தன.

இந்தக் கிருமியின் மரபுத்தொகுப்பில் ஏறக்குறைய 9,700 எழுத்துகள்தான். ஆனால் அதைப் படியெடுக்கும் நொதி கைநடுக்கம் உள்ள எழுத்தர் மாதிரி, அடிக்கடி தப்பு செய்யும், திருத்தாது. சிகிச்சை பெறாத ஒரு நோயாளியின் உடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன. சாத்தியமான ஒவ்வொரு எழுத்துப் பிழையும் தினமும் எங்காவது நடந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒரு பிழை, அந்த உடலின் எச்எல்ஏ பள்ளத்தில் துண்டு உட்காராதபடி செய்துவிட்டால் போதும். அந்த வைரஸ் கண்ணில் படாமல் பெருகும்.

1991இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராட்னி பிலிப்ஸும் ஆண்ட்ரூ மெக்மைக்கேலும் அவர்களது குழுவினரும் இதை நோயாளிகளிடமே கண்டார்கள். பி8 வகை உள்ளவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, டி செல்கள் பிடித்துக்கொண்டிருந்த துண்டுகள் வைரஸில் ஒவ்வொன்றாக மாறின. மாறிய துண்டை அதே நோயாளியின் டி செல்கள் அடையாளம் காணவில்லை.

பி27 உள்ளவர்களின் கதையில் போராட்டம் இன்னும் நீளம். அவர்களில் பலர் மருந்தில்லாத காலத்திலும் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்தார்கள். அவர்களின் டி செல்கள் பிடித்தது வைரஸின் உள்ளுறைப் புரதத்தில் 263 முதல் 272 வரையுள்ள பத்து அமினோ அமிலங்களை. எழுத்தில் சொன்னால் கே ஆர் டபிள்யூ ஐ ஐ எல் ஜி எல் என் கே. பி27 பள்ளத்தின் ஆழமான பொந்தில் சரியாக அமர்வது இரண்டாவதாக வரும் ஆர். அதை மாற்றினால் வைரஸ் தப்பலாம். ஆனால் உள்ளுறை என்பது ஏறக்குறைய 1,500 பிரதிகள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டிய கூம்பு. தேர் வடத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்ற முடிச்சுகளும் நெகிழ்வதுபோல், அந்த ஆர் மாறினால் கூம்பே ஆட்டம் காண்கிறது. ஆகவே வைரஸ் முதலில் 268ஆம் இடத்தில் ஒன்றை மாற்றிக்கொள்கிறது. தொலைவில் 173ஆம் இடத்தில் இன்னொன்று மாறி முட்டுக்கொடுக்கிறது. இவ்வளவும் கூடிவந்த வைரஸ்தான் 264இல் ஆரை மாற்றிப் பிழைக்க முடியும். 1997இல் பிலிப் கோல்டரும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் இந்தத் துண்டு 9 முதல் 12 ஆண்டுகள் வரை மாறாமலே இருந்தது. மாறியபின் அவர்களின் நோய் முற்றியது.

பி57 இன்னொரு காவலன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டு, மருந்தில்லாமலே நீண்ட காலம் கிருமியை அடக்கி வைத்திருந்த 13 பேரைச் சோதித்தார்கள். 11 பேரிடம் பி57 இருந்தது. நோய் முற்றிய 200 பேரில் 19 பேரிடம் மட்டுமே அது இருந்தது. 2010இல் புரூஸ் வாக்கர் தலைமையிலான பன்னாட்டுக் குழு, கிருமியைத் தாமே அடக்கிய 974 பேரையும் அடக்க முடியாத 2,648 பேரையும் முழு மரபுத்தொகுப்பு அளவில் ஒப்பிட்டது. வேறுபாட்டைக் காட்டிய இடங்கள் எல்லாம் ஆறாம் குரோமோசோமில் எச்எல்ஏ இருக்கும் பகுதியிலேயே விழுந்தன. பி வகையின் பள்ளத்தை அமைக்கும் சில அமினோ அமிலங்கள் எவை என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது.

இதுவரை சொன்னது ஒரு உடலுக்குள் நடப்பது. ஊர் முழுக்க நடப்பதைப் பார்க்க முதலில் துணிந்தது பெர்த். மேற்கு ஆஸ்திரேலியாவின் அந்த ஒற்றைப் பெருநகரில், ராயல் பெர்த் மருத்துவமனையில்தான் அந்த மாநிலத்தின் பெரும்பாலான எச்ஐவி நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று பார்க்க அவர்களின் வைரஸ் புரதங்களின் வரிசை எடுக்கப்பட்டிருந்தது; எச்எல்ஏ வகையும் பார்க்கப்பட்டிருந்தது. சைமன் மல்லாலும் சக ஆய்வாளர்களும் இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மருந்து கொடுத்தால் வைரஸ் இன்ன இடத்தில் மாறும் என்று கணக்கிட முடிகிறதென்றால், எச்எல்ஏவையும் ஒரு மருந்து மாதிரி வைத்துக் கணக்கிட்டால் என்ன? 473 நோயாளிகளின் கணக்கு 2002இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வைரஸின் படியெடுக்கும் நொதியில் பல இடங்கள் நோயாளியின் எச்எல்ஏ வகைக்கு ஏற்ப மாறியிருந்தன. 135ஆம் இடம் குறிப்பாகப் பளிச்சிட்டது. பி51ஐ உள்ளடக்கிய பி5 வகைக்காரர்களில் பெரும்பாலோரிடம் அந்த இடம் மாறியிருந்தது.

துறையே உற்சாகமாயிற்று. 2007இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் தன்மய் பட்டாச்சார்யா, பெட் கோர்பர் முதலியோர் ஒரு தடை எழுப்பினார்கள். அது சரியான தடை. ஒரு வட்டாரத்தில் பலரும் "அங்கிட்டு, இங்கிட்டு" என்பார்கள். அவர்களில் பலருக்குக் குலதெய்வமும் ஒன்றாக இருக்கலாம். அதற்காகக் குலதெய்வம்தான் அந்தச் சொல்லைக் கொடுத்தது என்று ஆகிவிடுமா? இரண்டுமே ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை. வைரஸுக்கும் வம்சாவளி உண்டு. ஒரு கூட்டத்துக்குள் முதலில் நுழைந்த வைரஸில் இருந்த எழுத்தே எல்லோரிடமும் பரவியிருக்கும். அந்தக் கூட்டத்தில் மிகுந்த எச்எல்ஏ வகையோடு அது பொருந்துவதுபோல் தோன்றும். வைரஸின் குடிவழியைக் கணக்கில் சேர்த்தபோது பழைய தொடர்புகளில் பல உதிர்ந்தன. உதிராமல் நின்றவை முன்பைவிட நம்பத் தகுந்தவை. இந்தக் கணக்கு வேலைக்குத் துணைநின்ற டேவிட் ஹெக்கர்மன், மைக்ரோசாஃப்டில் குப்பை மின்னஞ்சல் வடிகட்டிகளை உருவாக்கியவர். வடிகட்டியிலிருந்து தப்ப எழுத்தை மாற்றி மாற்றி அனுப்புபவர்களோடு மல்லுக்கட்டியவருக்கு எச்ஐவியின் போக்கு பழகியதாகவே பட்டது.

உதிராமல் நின்றதில் 135ஆம் இடமும் உண்டு. அதன் முழு வரலாறு ஜப்பானில் இருக்கிறது.

ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு உறைபொருள் ஊசிதான் உயிர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் போடப்பட்ட ஊசிமருந்தின் பெரும்பகுதி அமெரிக்காவில் எடுத்த ரத்தத்திலிருந்து தயாரானது. ஆயிரக்கணக்கானோரின் ரத்தநீரைக் கலந்து செய்வது அது. ஒருவரிடம் கிருமி இருந்தாலும் எல்லாப் புட்டியிலும் கலந்துவிடும். சூடுபடுத்திக் கிருமியைக் கொன்ற மருந்து அமெரிக்காவில் 1983இலேயே அனுமதி பெற்றது. ஜப்பானில் 1985இல்தான். 1,400க்கும் மேற்பட்ட ஹீமோஃபிலியா நோயாளிகள் எச்ஐவி பெற்றார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. முழங்கால் வீங்கி வலியில் துடித்தபோது நிவாரணம் என்று அம்மாவோ அப்பாவோ வீட்டிலேயே போட்ட ஊசியும் அதில் சேரும். அவர்கள் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1996 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் நவோதோ கான் அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நோயாளிகளின் ரத்தம் அறிவியலுக்கு ஒரு சாட்சியாக நின்றது. ஜப்பானியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் பி51 உண்டு. பி51 பள்ளத்தில் உட்காரும் எச்ஐவித் துண்டு எட்டு அமினோ அமிலங்கள் கொண்டது: டி ஏ எஃப் டி ஐ பி எஸ் ஐ. படியெடுக்கும் நொதியில் 128இல் தொடங்கி 135இல் முடிவது. பி51 பள்ளத்தில் துண்டைப் பிடித்து நிறுத்தும் ஆணி கடைசி எழுத்தான அந்த ஐ. பெர்த்தில் பளிச்சிட்ட 135 இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த வைரஸ், பி51 குறைவாக உள்ள மக்களிடையே சுற்றிவந்தது. ஆணி பெரும்பாலும் கழலாமல் இருந்தது. ஆகவே 1980களில் தொற்றுப் பெற்ற ஹீமோஃபிலியா நோயாளிகளில் பி51 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகவே முற்றியது. ஆனால் வைரஸ் ஜப்பானியரிடையே பரவப் பரவ, ஒவ்வொரு பி51காரரின் உடலிலும் ஆணி கழன்றது. கழன்ற ஆணியோடு அடுத்தவருக்குப் போயிற்று. குமாமோத்தோ பல்கலைக்கழகத்தின் மசாஃபுமி தகிகுச்சி குழு பிற்காலத்தில் சோதித்தபோது, பி51 இல்லாத ஜப்பானியரிடம்கூட மாறிய 135 சர்வசாதாரணமாக இருந்தது. புதிதாகத் தொற்று வந்த பி51காரர்களுக்கு அந்த வகையால் பழைய பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு மரபுக் கவசம் செல்லாக்காசாயிற்று.

2009இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த ஆய்வு ஜப்பானோடு நிற்கவில்லை. ஐந்து கண்டங்களில் 9 இடங்களைச் சேர்ந்த 2,800க்கும் மேற்பட்டோரின் வைரஸும் எச்எல்ஏவும் ஒப்பிடப்பட்டன. பி51 எங்கே மிகுதியோ அங்கே மாறிய 135 மிகுதி. ஆராய்ந்த 14 மாற்றங்களிலும் இதே போக்குத் தெரிந்தது. எவியான் பட்டறைக் காலம் தொட்டு ரத்தம் எடுத்து எடுத்து வரைந்த மனித வரைபடம், வைரஸின் புரதங்களில் திரும்ப வரையப்பட்டிருந்தது.

தப்பித்த வைரஸ் எப்போதும் அப்படியே இருந்துவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2004இல் வந்த ஆய்வு அதைக் காட்டியது. பி57, பி58 உள்ளவர்களிடம் வைரஸ் தன் உள்ளுறையின் 242ஆம் இடத்தை மாற்றித் தப்புகிறது. அந்த மாற்றம் வைரஸுக்கே பாரம், பெருகும் வேகம் குறைகிறது. அந்த வகை இல்லாத ஒருவருக்குத் தொற்றியதும், பாரத்தை இறக்கிவைத்துப் பழைய எழுத்துக்கே திரும்பிவிடுகிறது. பாரமில்லாத மாற்றங்களும், முட்டுக்கொடுத்து நிலைபெற்ற மாற்றங்களும் திரும்புவதில்லை, சேர்ந்துகொண்டே போகின்றன. இதில் மனத்தை மிகவும் வருத்துவது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் தொற்று. பிள்ளை தன் எச்எல்ஏவில் பாதியைத் தாயிடம் பெறுகிறது; வைரஸையும் தாயிடமே பெறுகிறது. தாயின் உடலில் பி27க்குப் பழகித் தப்பித்த வைரஸ், அதே பி27ஐச் சொத்தாகப் பெற்ற பிள்ளைக்குள் நுழைகிறது. 2001இல் கோல்டர் குழு இப்படிப்பட்ட குடும்பங்களைப் பதிவு செய்தது. பிள்ளைக்கு அம்மா கொடுத்த கவசம், பிறக்கும்போதே ஓட்டையாக இருந்தது.

2014இல் இன்னொரு ஒப்பீடு வந்தது. தென்னாப்பிரிக்காவைவிடத் தொற்று மிகுந்த போட்ஸ்வானாவையும் டர்பனையும் வைத்து, 2,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்தது. டர்பனில் பி57, பி58 வகைகள் இன்னும் காத்தன. போட்ஸ்வானாவில் காக்கவில்லை. வைரஸ் அங்கே அவற்றுக்கு அவ்வளவு பழகியிருந்தது. அப்படிப் பழகியதற்கு விலையாக, போட்ஸ்வானாவின் வைரஸ் பெருகும் திறனில் தாழ்ந்திருந்தது. எச்ஐவி தானாகவே சாதுவாகிவிடும் என்று சில செய்தித்தாள்கள் இதை வைத்து எழுதியது அவசரம். ஆய்வாளர்களே மருந்துச் சிகிச்சைக்கும் இதில் பங்குண்டு என்றார்கள்.

எச்ஐவியிடமிருந்து காக்கும் இந்த வகைகள் நமக்கு இலவசமாக வந்தவை என்றும் எண்ண வேண்டாம். முதுகெலும்பைக் கம்புபோல் விறைக்க வைக்கும் வாதநோயோடு பி27க்குத் தொடர்புண்டு என்று 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கண்டார்கள். பின்னதில் தெராசாகியும் இருந்தார். அதே ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள், வாயிலும் கண்ணிலும் புண் வரும் பெசெட் நோயோடு பி51ஐ உள்ளடக்கிய பி5 வகையைத் தொடர்புபடுத்தினார்கள். பி57 உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அபகாவிர் என்ற எச்ஐவி மருந்தே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தரும். இதையும் கண்டது பெர்த்தின் மல்லால் குழுதான், அதே 2002இல். 19 நாடுகளைச் சேர்ந்த 1,956 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2008இல் வெளிவந்தது. முன்கூட்டியே பி57 பார்த்து விலக்கிய பிரிவில், உறுதிசெய்யப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்கும் வரவில்லை. இன்று அந்த மருந்து எழுதுமுன் திசு வகை பார்ப்பது பல நாடுகளில் நடைமுறை. தெராசாகி தட்டின் வாரிசுகள் இப்படியும் உயிர் காக்கின்றன.

தடுப்பூசிக்கு இந்த அறிவு இன்னும் கைகொடுக்கவில்லை. உலகின் பல வைரஸ் வடிவங்களையும் தழுவும்படி கோர்பர் கணினியில் தைத்த ஒட்டுப் புரதங்களை வைத்துச் செய்த இரண்டு பெரிய சோதனைகளில், ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடந்தது 2021இலும், அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நடந்தது 2023இலும் பலனின்றி நிறுத்தப்பட்டன. மாத்திரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த எச்எல்ஏ வகையோடு பிறந்தவரானாலும், ஒழுங்காக எடுத்துக்கொண்டால் அவை கிருமியை அடக்குகின்றன. தமிழ்நாட்டில் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன.

பெர்த், ஆக்ஸ்ஃபோர்டு, டர்பன், குமாமோத்தோ என்று இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் சென்னையும் மதுரையும் இன்னும் பெரிதாக இடம்பெறவில்லை. தென்னிந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் டர்பனில் உள்ள அதே சி வகை வைரஸ்தான். ஆனால் நம் எச்எல்ஏ கலவை வேறு, ஆகவே நம்மிடையே அது தப்பிக்கும் இடங்களையும் நாமே படித்தறிய வேண்டும். அதற்கு வேண்டிய அடிப்படை, நம் மக்களின் திசு வகைகள் நன்றாகக் குறிக்கப்பட்டிருப்பது. அதே வகைக் குறிப்பைத்தான் ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம்செல் தேடி அலையும் குடும்பங்களும் கேட்டு நிற்கின்றன. உடன்பிறந்தவரிடம் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். இல்லையென்றால் வெளியில் தேட வேண்டும், ஒரு தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தம் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது தமிழர்களிடம்தான். சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற பதிவகங்கள் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் முகாம் நடத்துகின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. 18 வயது நிரம்பிய வாசகர்கள், அடுத்த முகாம் வரும்போது பெயரைப் பதிவு செய்யுங்கள்; எங்கோ ஒரு வார்டு வாசலில் "மேட்ச் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஆமென்று சொல்ல ஒருவர் கூடியிருப்பார்.